போஸ்டரை மறுத்தார்கள், கருத்தை ஏற்றார்கள்

2012 செப்டம்பரில் நியூயார்க் சுரங்க ரயிலின் பத்து நிலையங்களில் ஒரு போஸ்டர் ஏறியது. நாகரிக மனிதனுக்கும் காட்டுமிராண்டிக்கும் போர் என்று வந்தால் நாகரிக மனிதன் பக்கம் நில்லுங்கள், இஸ்ரேலை ஆதரியுங்கள், ஜிகாதைத் தோற்கடியுங்கள். இதுதான் அதன் சாரம். காட்டுமிராண்டி யார் என்று பெயர் போடவில்லை. படிக்கிறவர், பக்கத்தில் முக்காடு போட்டு நிற்கும் பெண்ணை ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும் என்பது ஏற்பாடு. காசு கொடுத்தது பமேலா கெல்லரின் அமைப்பு. 2001 தாக்குதல் நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இஸ்லாமிய மையம் வரவே கூடாது என்று 2010-இல் ஊரைக் கூட்டியவர் இவர்.

ரயிலை நடத்தும் எம்.டி.ஏ. நிர்வாகம் முதலில் முடியாது என்றது. மதம், இனம், பாலினம் போன்றவற்றைச் சொல்லி யாரையும் இழிவுபடுத்தும் விளம்பரம் கூடாது என்று அதற்கு ஒரு விதி இருந்தது. விவகாரம் நீதிமன்றம் போனது. நீதிபதி பால் எங்கல்மேயர் அந்த விதியையே செல்லாது என்றார். பட்டியலில் இருப்பவர்களைத் தொடக்கூடாது, பட்டியலில் இல்லாத குண்டு மனிதர்களையும் பொன்னிற முடிக்காரிகளையும் எப்படி வேண்டுமானாலும் வையலாம் என்றால், அரசு ஆள் பார்த்துப் பேச்சை அளக்கிறது என்று பொருள். சட்டப்படி இதில் ஓட்டை கண்டுபிடிப்பது கஷ்டம். நானும் கண்டுபிடிக்கவில்லை.

நிர்வாகம் பிறகு ஒரு புது வழி கண்டது: போஸ்டரின் அடியில், இது எங்கள் கருத்து அல்ல என்று ஒரு வரி. வாடகை நம்முடையது, வாசகம் அவர்களுடையது. எகிப்திய அமெரிக்க எழுத்தாளர் மோனா எல்தஹாவி அந்தப் போஸ்டரின் மேல் பிங்க் பெயின்ட் அடித்தபோது மட்டும் போலீஸ் சுறுசுறுப்பாக வந்து விலங்கு மாட்டியது. காகிதத்தைக் காப்பாற்றுவதில் நகரம் காட்டிய அக்கறை மெய்சிலிர்க்க வைக்கிறது. ரப்பிகளும் மெதடிஸ்ட் கிறிஸ்தவப் பெண்களும் தங்கள் கைக்காசைப் போட்டுப் பக்கத்திலேயே மறுப்புப் போஸ்டர் ஒட்டினார்கள். அந்த வேளையில் வளர்ந்த மனிதர்கள்போல நடந்துகொண்டவர்கள் அவர்கள்தான்.

இனி "பொதுப் பாதுகாப்பு" என்ற மந்திரத்துக்கு வருவோம். அதே போஸ்டரை வாஷிங்டன் மெட்ரோ நிர்வாகம் அப்போதைக்கு வேண்டாம் என்று தள்ளிப்போட்டது. நபியை இழிவுபடுத்திய ஒரு வீடியோவால் வெளிநாடுகளில் கலவரம்; இங்கேயும் ஏதாவது ஆகிவிட்டால்? அங்கும் நீதிபதி ஒட்டச் சொன்னார். 2014-இல் கெல்லரின் அடுத்த சரக்கு நியூயார்க்குக்கு வந்தது. யூதர்களைக் கொல்வது வழிபாடு என்று ஹமாஸ் வீடியோ ஒன்றிலிருந்து எடுத்த வரி, அதன் கீழே 'இது அவன் ஜிகாத், உங்களுடையது எது?' என்ற கேள்வி. வேலை நெருக்கடியிலும் உடற்பயிற்சியை விடாமலிருப்பதே என் ஜிகாத் என்று சிரித்துக்கொண்டே விளம்பரம் செய்த சிகாகோ முஸ்லிம்களைக் கிண்டல் செய்கிறாராம். இதைப் பார்த்து யாராவது யூதர்களைத் தாக்கக் கிளம்பிவிடுவார்கள் என்று எம்.டி.ஏ. வாதாடியது. சிகாகோவிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் இது ஒட்டப்பட்டும் யாரும் கிளம்பவில்லையே என்று 2015-இல் நீதிபதி ஜான் கோல்ட்ல் கேட்டார்.

கவனியுங்கள். இந்த மனிதர்களுக்கு வெறி சட்டென்று ஏறும், ஜாக்கிரதை என்கிறது போஸ்டர். இந்த மனிதர்களுக்கு வெறி சட்டென்று ஏறும், ஆகவே போஸ்டர் வேண்டாம் என்கிறது நிர்வாகம். கெல்லர் தன் கருத்தைச் சுவரில் ஏற்றக் காசு கொடுக்க வேண்டியிருந்தது. நிர்வாகமோ அதே கருத்தை வக்கீல் வைத்து நீதிமன்றத்தில் இலவசமாக ஏற்றியது.

உண்மையை ஒளிக்க வேண்டாம். 2015 மே மாதம் டெக்சாஸின் கார்லண்டில் கெல்லர் நடத்திய நபி கேலிச்சித்திரப் போட்டிக்கு இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்தார்கள். போலீஸ் சுட்டு வீழ்த்தியது. அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் வாசலில் போலீஸ் நின்றது, நின்றதால்தான் உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். பாதுகாப்பு என்றால் அது.

சரி, நியூயார்க் ரயிலுக்குத் திரும்புவோம். 2012 டிசம்பரில் குயின்ஸ் பகுதி நிலையம் ஒன்றில் இந்தியாவிலிருந்து குடியேறிய ஒருவரை ஒரு பெண் ஓடிவரும் ரயில் முன்னால் தள்ளிக் கொன்றாள். 2001 முதலே இந்துக்களையும் முஸ்லிம்களையும் வெறுக்கிறேன் என்று போலீசிடம் சொன்னாள். செத்தவர் இந்து, அந்த வெறுப்புக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. போஸ்டரைப் பார்த்துத்தான் செய்தாள் என்று யாரும் நிரூபிக்கவில்லை; நானும் சொல்லவில்லை. என் கேள்வி வேறு. 2014-இல் பயணிகளின் உயிருக்கு என்ன ஆபத்து என்று உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள், தங்கள் தண்டவாளத்திலேயே கிடந்த இந்தப் பிணத்தை எந்தக் கணக்கில் வரவு வைத்தார்கள்? பழுப்புத் தோல்காரன் தள்ளிவிடுவானோ என்பது பொதுப் பாதுகாப்பு. பழுப்புத் தோல்காரனைத் தள்ளிவிட்டால் அது மூன்றாம் பக்கச் செய்தி.

நீதிமன்றத்தில் தோற்ற சில நாட்களிலேயே எம்.டி.ஏ. வாரியம் கூடி, ஒன்பதுக்கு இரண்டு வாக்கில், அரசியல் விளம்பரமே இனி வேண்டாம் என்று கதவைச் சாத்தியது. வெறுப்பை எதிர்கொள்ள வக்கில்லை. பேச்சையே பூட்டினால் எல்லாரும் சமம் அல்லவா? கதவில் முதலில் விரல் நசுங்கியது யாருக்குத் தெரியுமா? முஸ்லிம் நகைச்சுவைக் கலைஞர்களுக்கு. முஸ்லிம்களைப் பற்றிய அசிங்கமான உண்மை என்று ஆரம்பித்து, அவர்களிடம் அருமையான முட்டை அடைப் பக்குவம் இருக்கிறது என்று முடியும் சினிமா விளம்பரம் அவர்களுடையது. அரசியல் என்று அதையும் நிராகரித்தார்கள். முட்டை அடை அரசியல் அல்ல என்பதை நிலைநாட்ட இன்னொரு நீதிபதி, கொலீன் மெக்மஹோன், நேரம் செலவழிக்க வேண்டியதாயிற்று.

வாஷிங்டன் இன்னும் ஒரு படி மேலே போனது. பொதுப் பிரச்சினை, மதம், அரசியல் எதைப் பற்றியும் விளம்பரம் கூடாது என்றது. 2017-இல் கத்தோலிக்க மறைமாவட்டம் கொடுத்த கிறிஸ்துமஸ் விளம்பரத்தில் இருந்தது நட்சத்திரமும் மேய்ப்பர்களும். நிராகரிப்பு; மேல்முறையீட்டு நீதிமன்றமும் சரி என்றது. கிறிஸ்துமஸ் தள்ளுபடி விற்பனை என்று கடைக்காரர் போட்டால் தடை இருக்கவில்லை. அதே ஆண்டு சிவில் உரிமைச் சங்கம் ஒன்று, பேச்சுச் சுதந்திரம் தரும் அரசியல் சட்டத்தின் முதலாம் திருத்தத்தை அப்படியே ஆங்கிலம், ஸ்பானிஷ், அரபி மூன்றிலும் அச்சிட்டுக் கொடுத்தது. அதுவும் நிராகரிப்பு. நாட்டின் சட்டம் நாட்டின் தலைநகரப் பேருந்தில் ஏறக்கூடாத சர்ச்சைப் பொருளாகிவிட்டது.

சரி, அந்த இடமெல்லாம் காலியாகவா கிடந்தது என்று கவலைப்படாதீர்கள். 2015 இறுதியில் இந்தத் தடையை நிரந்தரமாக்கிய அதே வாஷிங்டன் மெட்ரோ வாரியம்தான், மது விளம்பரத்துக்கு இருந்த தடையை நீக்கியது.