பால் டின்னின் பெருமை

மலேசியாவின் லாயாங் லாயாங்கில் திரும்பிய பக்கமெல்லாம் செம்பனை. அதன் எண்ணெய்தான் சீனியோடு கூடி, கொஞ்சம் பால்மாவையும் சேர்த்துக்கொண்டு, ‘பால் டின்’ என்ற பட்டத்தோடு தேத்தண்ணீர்க் கடைக்கு வருகிறது. பசு பங்காளி மட்டுமே. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று டின் தானே ஒப்புக்கொள்கிறது, படிக்கக் கண்ணாடி வேண்டும்.

ஒரு காலத்தில் அந்த ஒப்புதலும் கிடையாது. கெட்டிப்பாலைச் சிசுவுக்கு உகந்தது என்றே விற்றார்கள். 1939-ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், ‘பாலும் கொலையும்’ என்று தலைப்பிட்டே பேசினார். விருந்துக்கு வந்த கனவான்களுக்கு அன்று தேநீர் எப்படி இறங்கியதோ!

இப்போது எல்லாரும் திருந்திவிட்டோம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்று கிளினிக் சுவரெல்லாம் சொல்கிறது. சட்டமும் தாராளம்: 2023 முதல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. அதாவது மூன்று மாதமும் சொச்சமும். பிறகு தாய் வேலைக்குத் திரும்பினால், பிள்ளையை விட்டுப்போகப் பழைய ஆயாக்கொட்டகையும் அநேகத் தோட்டங்களில் இல்லை. மிச்ச நாள்களுக்குப் பிள்ளையே முதலாளிக்கு மனுப் போட்டுக்கொள்ளலாம், கைநாட்டு செல்லும்.