துண்டு வாங்கும் அண்ணன்

தேர்தல் அறிவிப்பு வந்த கையோடு மட்டக்களப்பின் படுவான்கரை ஊர்களில் இவர் தோன்றிவிடுவார். கட்சிக்குக் கட்சி முகம் மாறும், ஆள் ஒன்றுதான். பெட்டிபோட்ட வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு சீ.ஆர். கொப்பி. பதவி, பிரதேச அமைப்பாளர். வேலை, மக்கள் கருத்தைக் கேட்பது. கேட்டதை வேட்பாளரின் காதில் விழாமல் காப்பது.

கூட்டம் பெரும்பாலும் பல்தேவைக் கட்டடத்தில். முன்வரிசையில் கோயில் வண்ணக்கர், கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர், மாதர் சங்கத்தார். "எங்கட ஐயா பேச வரல்ல. நீங்க சொல்றதக் கேக்க வந்திருக்கார். பயப்பிடாம எழுதித் தாங்க" என்று துண்டுகளை நீட்டுவார். அதன்பிறகு ஐயா முக்கால் மணித்தியாலம் பேசுவார்.

துண்டுகள் திரும்பி வரும்போதுதான் அண்ணனின் கைவண்ணம் தெரியும். மடிப்பைப் பிரிக்க வேண்டியதே இல்லை. எழுதியவர் முகமே போதும். பாராட்டுகள் மேலே. கோயில் மதில், மைதான விளக்கு என்று இலேசாக வாக்குக் கொடுக்கக்கூடியவை நடுவே. மணல் டிப்பர், யானை வேலி, 2023இல் சித்தாண்டி வீதியோரம் பண்ணையாளர் உட்கார்ந்து கேட்ட மயிலத்தமடு மேய்ச்சல்தரை, இவையெல்லாம் காற்சட்டைப் பைக்குள்.

ஒளிக்க முடியாததைத் திருத்தி வாசிப்பார். "போனமுறை வெண்டபிறகு ஏன் இந்தப் பக்கம் தலைகாட்டல்ல?" என்று ஒரு கிழவி பேரனைக்கொண்டு எழுதுவித்த துண்டு, இவர் வாயில் "ஐயா அடிக்கடி வரவேணுமெண்டு தாய்மார் ஆசைப்படுறாங்க" என்று ஆகும். மண்டபமே கைதட்டும். கிழவியும் தட்டுவார், தன்னுடைய துண்டு அடுத்ததாக வரும் என்ற நம்பிக்கையில்.

துண்டு வேண்டாமென்று எழும்பி நிற்கும் போடியார்தான் வில்லங்கம். அண்ணன் மைக்கைக் கொடுப்பார், பிடியை விடமாட்டார். பெருவிரல் சுவிட்சிலேயே இருக்கும். உர மானியம் என்ற சொல் வந்ததும் மைக் செத்துவிடும். "பெரியப்பா, இரிங்க. ஐயா மறுகா உங்களோட தனியாக் கதைப்பார். தேத்தண்ணி ஆறுது."

அண்ணனுக்குப் பயம் ஒன்றே ஒன்று: குருமண்வெளிப் பாதை. நம்மூரில் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. அதில் ஏறிய வேட்பாளர் மண்டூர்த் துறையில் இறங்கும்வரை எங்கும் ஓட முடியாது. பக்கத்தில் நிற்பவர் பாலம் எங்கே என்று கேட்டால் மைக்கை நிறுத்தவும் வழியில்லை. ஆகவே 2014இல் திறந்த மண்முனைப் பாலத்தால் சுற்றி, வாகனக் கண்ணாடியை உயர்த்தியபடி கூட்டிவருவார். பாலம் எவ்வளவு பெரிய அபிவிருத்தி என்று அன்றைய கூட்டத்தில் வேட்பாளரே வியந்து பேசுவார்.

அண்ணனைத் திட்டிப் பயனில்லை. மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம், பட்டியலுக்கு எட்டு வேட்பாளர். விருப்பு வாக்குக்கு முதல் எதிரி அதே பட்டியலில்தான் இருக்கிறார். இங்கே எழும் குறை மாலைக்குள் அவருக்குப் பிரசார நோட்டீசாகிவிடும். தவிர, இந்தக் கலை கொழும்பில் இன்னும் பெரிதாக நடக்கிறது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகளுக்காக மனோரி முத்தெட்டுவேகம தலைமையிலான செயலணி நாடெங்கும் கருத்துக் கேட்டு, 7,306 சமர்ப்பணங்களைத் தொகுத்து, 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது. அன்றைய நீதியமைச்சரே அதில் நம்பிக்கையில்லை என்றார். அண்ணனாவது எழுதியவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் துண்டைப் பையில் போடுகிறார்.

அந்தப் பையைத் துவைக்கும் அவர் மனைவிதான் தொகுதியின் முழுக் கருத்தையும் அறிந்த ஒரே ஆள். "என்னகா இது, எல்லாம் ஏச்சா இரிக்கு?" என்பார். "எதிர்க்கட்சிக்காரன்ட வேலை" என்பார் அண்ணன். மச்சினியின் கையெழுத்து அவருக்குத் தெரியாதா என்ன.

தேர்தல் முடிந்த இரவு இவரே எண்ணும் முகவராகப் போய் உட்காருவார். புள்ளடி போடாமல் வேட்பாளருக்கு நாலு ஏச்சு மட்டும் எழுதிய சீட்டுகள் அங்கேயும் வரும். அவற்றை மடிக்கவோ பையில் போடவோ இவருக்கு அதிகாரமில்லை. ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும். சட்டப்படி அவை நிராகரிக்கப்பட்ட வாக்குகள்.