காற்றுக்குப் பகைவர்

கோச்சர் வந்துவிட்டார் என்பது ஃபேன் நின்றால் தெரியும்.

ஸ்கூட்டர் சத்தம், செருப்புச் சத்தம் எதுவும் கேட்காது. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் இரண்டு சுற்று முனகும், மூன்றாவது சுற்றில் யோசிக்கும், நாலாவதில் நின்றுவிடும். திரும்பிப் பார்த்தால் சுவிட்ச் போர்டில் ஒரு விரலை வைத்துக்கொண்டு நிற்பார். "என்னப்பா, வார்ம் அப் முடிஞ்சுதா?" என்பார், ஒன்றுமே நடக்காதது மாதிரி.

பொதுவாக டேபிள் டென்னிஸ் கோச்சர்களைப் பற்றித்தான் சொல்கிறேன். மஞ்சக்குப்பத்தில் இருக்கிற யாரையும் மனதில் வைத்து எழுதவில்லை. அவருக்கு மீசை உண்டு. நான் சொல்கிறவர் மீசையைப் போன மாதம் எடுத்துவிட்டார்.

பந்தின் எடை 2.7 கிராம். ஆறு வருஷமாக மகளை டிடிக்குக் கூட்டிக்கொண்டு போகிற எனக்கு அவள் பிறந்தபோது இருந்த எடை மறந்துவிட்டது, இது மறக்கவில்லை. வேர்வை தாங்காமல் எந்தத் தகப்பன் வாயைத் திறந்தாலும் கோச்சர் இந்த எண்ணைத்தான் எடுத்து நீட்டுவார். "ரெண்டே முக்காலு கூட இல்ல சார். ரெண்டு புள்ளி ஏழு. பக்கத்து ஹால்ல ஷட்டில் ஆடறாங்களே, அது அஞ்சு கிராம். அவங்களே ஃபேன் போடறதில்ல. நம்மளுது அதுல பாதி." கணக்கு சரிதான். பாதியளவு எடைக்கு இரண்டு மடங்கு புழுக்கம் என்று அவர் வைத்துக்கொண்டதுதான் எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று தெரியவில்லை.

கடலூர் வெயிலைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். அது காய்வதோடு நிற்காது, ஒட்டும். ஊர் முழுக்க ஒரு ஈரத்துணியைப் போர்த்திவிட்டு அடியில் அடுப்பு மூட்டியது போல இருக்கும். இந்த ஊருக்குக் கிடைத்த ஒரே சலுகை மத்தியானத்துக்கு மேல் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து வரும் கடற்காற்று. அதை வாங்கிக்கொள்ளத்தான் சாயங்காலமானால் ஜனம் சில்வர் பீச்சுக்கு ஓடுகிறது. கோச்சர் சரியாக அந்த நேரம் பார்த்து எழுந்திருப்பார். கிழக்குப் பக்கத்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தி, கொக்கி விழுந்ததா என்று தட்டிப் பார்ப்பார். கடைசி ஜன்னலை மூடும்போது அவர் முகத்தில் தெரிகிற நிம்மதியை, பாக்கி வட்டி முழுதும் கட்டி முடித்தவர்கள் முகத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்கள் பாடு. பிள்ளைகள் நெட்டுக்குப் பக்கத்தில், பந்து அதிகம் விழாத இடமாகப் பார்த்து, டேபிளிலேயே உள்ளங்கையைத் துடைத்துக்கொள்வார்கள். உலகம் முழுக்க ஆட்டக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ரப்பரில் வேர்வை பட்டால் பந்து பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே பேட்டை வயிற்றில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி துடைத்து ஆடுவார்கள். துண்டு எடுக்கலாமா என்றால், ஆறு புள்ளிக்கு ஒரு தடவைதான் எடுக்கலாம். இது விதி. சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு அந்த விதி கிடையாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் என் மனைவி முந்தானையால் நெற்றியைத் துடைத்தபோது கோச்சர் திரும்பிப் பார்த்து, "இப்பதான் நாலு பாயிண்ட் ஆயிருக்கு" என்றார். விளையாட்டாகச் சொன்னார் என்கிறாள் அவள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத் தெரியவில்லை.

ஆரம்பத்திலிருந்தே அவர் இப்படி இல்லை என்று பழைய மாணவர் ஒருவர் சொன்னார். பந்து 38 மில்லிமீட்டராக இருந்த காலத்தில் ஃபேனை ஒன்றாம் நம்பரில் வைக்க அனுமதிப்பாராம். 2000இல் பந்தை 40 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். ஆட்டத்தின் வேகம் குறையட்டும், டிவியில் பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பந்து தெரியட்டும் என்பது காரணம். உடம்பு பெருத்தது, எடை மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை. இரண்டரை கிராம் 2.7 ஆனதோடு சரி. "காத்து புடிக்கிற எடம் ஜாஸ்தியாயிடுச்சி" என்று சொல்லி அன்றைக்கு ஒன்றாம் நம்பரையும் நிறுத்தினார். மறு வருஷமே 21 புள்ளி ஆட்டத்தை 11 ஆக்கினார்கள். 2014இல் செல்லுலாய்டு போய் பிளாஸ்டிக் பந்து வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவரிடம் ஒரு மணி நேரப் புலம்பல் உண்டு, அதை இங்கே எழுதினால் பத்திரிகை தாங்காது. எங்கோ சர்வதேச சம்மேளனம் ஒரு முடிவு எடுத்தால் அதற்குக் கடலூரில் வேர்ப்பது எங்களுக்கு என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் வந்ததே, அப்போது அவர் வீட்டு ஓடுகளில் பாதி பறந்துவிட்டன. மாவட்டமே முந்திரி போச்சு, பலா போச்சு என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. பார்க்கப் போன மாணவர்களிடம் கோச்சர் சொன்னாராம்: "காத்தை நம்பாதீங்கன்னு இத்தனை வருஷமா நான் சொல்றேன். எவன் கேட்டான்?" அதன் பிறகு பல நாள் கரண்ட் இல்லை. ஃபேன் தானாகவே ஓடாது என்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் லைட்டும் எரியாதே. வெளிச்சத்துக்கு ஜன்னலைத் திறந்தால் காற்று வரும், காற்றுக்குப் பயந்து மூடினால் பந்து தெரியாது. அந்தத் தர்மசங்கடத்தில் நாலு நாள் ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார் என்கிறார்கள்.

சிதம்பரத்துக்குப் போட்டிக்குப் போகும்போது பார்க்கவேண்டும். எட்டுப் பிள்ளைகள், நாலு பெற்றோர், ஒரு பை நிறையப் பந்து. அரசு பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கோச்சர் கை தன்னால் போய்க் கண்ணாடியை இழுத்துச் சாத்தும். ஒரு முறை ஆலப்பாக்கம் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா, "ஏன்யா, மழையா பேயுது?" என்றார். கோச்சர் தன் கையையே ஒரு கணம் வெறித்துப் பார்த்துவிட்டுத் திறந்துவிட்டார். புதுச்சத்திரம் வருவதற்குள் மறுபடி சாத்தியிருந்தார். அந்தம்மா எழுந்து வந்து, கூடையை அவர் மடிமேல் சாய்த்தாற்போல வைத்து, கண்ணாடியைத் திறந்துவிட்டு, மீதி வழி முழுக்க அங்கேயே நின்றுகொண்டார். இந்த ஜென்மத்தில் கோச்சரைத் தோற்கடித்ததாக நான் கண்ணால் கண்ட ஒரே ஆள் அவர்தான்.

சிதம்பரம் போய்விட்டால் கோயிலுக்குப் போகாமல் வரமாட்டார். அதில் பக்தி எவ்வளவு, பாடம் எவ்வளவு என்று பிரிக்கமுடியாது. கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களுக்கு நடுவில் பிள்ளைகளை நிறுத்தி, "ஒண்ணாவது முட்டியை விறைப்பா வெச்சிக்கிட்டு நிக்குதா பாரு" என்பார். உள்ளே போய் நடராஜரைக் காட்டுவார். "வலது கால்ல மொத்த வெயிட்டு. முட்டி மடங்கியிருக்கு. இடுப்பு திரும்பியிருக்கு. ஃபோர்ஹேண்ட் டாப் ஸ்பின்னுக்கு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு நான் தொண்டை கிழிய கத்தறேன், இங்க ஆயிரம் வருஷமா நின்னுக்கிட்டிருக்கார்." தீட்சிதர் ஒருவர் முறைத்துப் பார்த்தார். நான் வேறு கோஷ்டி போலத் தள்ளி நின்றுகொண்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து மகள் கண்ணாடி முன்னால் அப்படி நின்று பார்த்தாள். கோச்சர் சொன்னது உண்மைதான் என்பது எரிச்சலாக இருந்தது.

அன்றைக்குப் போட்டித் திறப்பு விழா. சீஃப் கெஸ்ட் மேடையில் இருந்தார், அவர் தலைக்கு மேல் மட்டும் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. கோச்சருக்கு அவர் பேசுவது காதில் விழவே இல்லை. பார்வை முழுக்க மேலேதான். மெல்ல எழுந்தார், சுவரோரமாக நடந்தார், மேடைக்குப் பக்கவாட்டில் மறைந்தார். ஃபேன் இரண்டு சுற்று முனகியது. "நான் அந்தக் காலத்தில் இந்த அண்ணாமலை நகரில் படித்தபோது" என்று நிதானமாக ஆரம்பித்தவர் படிப்பு முடித்து, வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெற்றதையெல்லாம் ஒன்றரை நிமிஷத்தில் சொல்லி முடித்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வாழ்த்தினார். கூட்டம் கைதட்டியது. கோச்சர் என்ற இனத்தால் பொதுமக்களுக்குக் கிடைத்த நன்மை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைச் சொல்வேன்.

மகள் அன்று கால் இறுதியில் ஐந்தாவது கேமில் 9-11 என்று தோற்றாள். கோச்சர் தீர்ப்பு: "மூணாவது டேபிளுக்குப் பின்னால ஒரு ஃபேன் ஓடிச்சி." எல்லாத் தோல்விக்கும் இதுதான் தீர்ப்பு. ஜெயித்தால் பயிற்சி, தோற்றால் ஃபேன்.

இந்த இடத்தில் சிரிக்காமல் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மே மாதம் மூன்று மணிக்குச் சாத்திய ஹாலுக்குள் பதினைந்து பிள்ளைகளை இரண்டு மணி நேரம் ஆடவிடுவது சரியில்லை. எனக்கு டேபிள் டென்னிஸ் தெரியாது, ஆனால் இது தெரியும். காலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். அரை மணிக்கு ஒரு தரம் வெளியே அனுப்பலாம். தண்ணீர் குடிக்கக் கேட்கிற பிள்ளையிடம் "இந்த ராலி முடியட்டும்" என்று சொல்லவேண்டியதில்லை. நேரிலும் சொன்னேன். "சரத் கமலுக்கு அவங்க அப்பாவும் சித்தப்பாவும்தான் சார் கோச். 40 வயசுல பர்மிங்காம்ல காமன்வெல்த் சிங்கிள்ஸ் கோல்டு. நீங்களும் பேட் புடிச்சிக் கத்துக் குடுக்கறதுன்னா சொல்லுங்க, நான் ஒதுங்கிக்கறேன்" என்றார். நான்தான் ஒதுங்கினேன்.

அடுத்த வாரம் ஒரு பையன் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். கோச்சர் அவனை அப்படியே அள்ளிக்கொண்டு வெளியே ஓடி, வேப்பமரத்தடியில் படுக்கவைத்து, பந்து அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிற ஆரம்பித்தார். அவர் கையால் காற்று உண்டானதை அன்றுதான் பார்த்தேன். விடாமல் கால் மணி நேரம். மணிக்கட்டு மட்டும் அசைந்தது, முழங்கை நகரவில்லை, பேக்ஹேண்டுக்குச் சொல்லிக்கொடுப்பாரே, அதே மாதிரி. பையன் எழுந்து மோர் குடித்துவிட்டு, "சார், அடுத்து என் டர்ன்தானே" என்றான். இரண்டு பேரையும் என்ன செய்வது?

அவர் ஹால் சுவரில் வி. சந்திரசேகர் படம் ஒன்று மாட்டியிருக்கிறார். மூன்று முறை தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர். 1984இல் முழங்காலில் செய்த அறுவை சிகிச்சை தவறிப்போய், நடை, பார்வை, பேச்சு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போராடிப் பெற வேண்டியிருந்தது. ஆடமுடியாமல் போன பிறகு ஆடக் கற்றுக்கொடுத்தார். 2021 மே மாதம் கொரோனாவில் அவர் இறந்த அன்று ஊரடங்கு. ஹால் பூட்டிக் கிடந்தது. ராத்திரி கோச்சர் எனக்குப் போன் செய்து, சின்ன வயதில் மெட்ராஸில் சந்திரசேகர் ஆடியதைப் பார்த்த கதையை முக்கால் மணி நேரம் சொன்னார். ஃபேனைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. வைத்த பிறகுதான் கவனித்தேன், நான் பேசிக்கொண்டே என் அறை ஃபேனை நிறுத்தியிருந்தேன்.

போன தை மாதம் திருப்பாதிரிப்புலியூரில் வீடு கட்டி முடித்தோம். கிரகப்பிரவேசத்துக்கு அவர் வருவார் என்பதால், ஹாலில் சுவிட்ச் போர்டைக் கொஞ்சம் மறைவாக வைக்கச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் ஏன் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் பையனும் அங்கேதான் ஆடுகிறானாம். ஒன்றும் பேசாமல் பென்சிலை எடுத்து ஏழடி உயரத்தில் கோடு போட்டார்.

கோச்சர் வந்தார், சுவரைத் தடவிப் பார்த்தார், சாப்பிட்டார், வேர்க்காமல் போனார். என் மனைவிக்குத்தான் எட்டவில்லை. இன்றைக்கும் ஸ்டூல் போட்டுத்தான் ஃபேன் போடுகிறோம்.