எம்டனைச் சாப்பாட்டு மேசையில் கட்டுவது எப்படி?

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஓர் எம்டன் இருக்கக்கூடும், மாமனார் உருவிலோ பெரியப்பா உருவிலோ. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அந்தப் பெயருக்குக் காரணமான ஜெர்மன் போர்க்கப்பலைச் சொல்கிறேன். 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி ராத்திரி சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, அரை மணி நேரத்துக்குள் கிளம்பிப் போனதே, அதுதான். நீங்கள் கட்டப்போகும் எம்டன் அத்தனை சீக்கிரம் கிளம்பாது. டான்சிக் நகரத்துத் தளத்தில் 1906-ல் தொடங்கிய நிஜக் கப்பல் 1909 ஜூலையில் கடற்படையில் சேர்ந்துவிட்டது. என் வீட்டு எம்டனுக்கு இது நாலாவது வருஷம்.

முதலில் அளவு. 1:350 எடுத்துக்கொள்ளுங்கள், ரெவல் கம்பெனியின் பிளாஸ்டிக் பெட்டி அந்த அளவில்தான் வந்தது. 118 மீட்டர் கப்பல் 34 சென்டிமீட்டராகச் சுருங்கும், நடுத்தர முருங்கைக்காய் நீளம். வீட்டில் அனுமதி கேட்கும்போது முருங்கைக்காயோடு நிறுத்திக்கொள்ளவும். மேசை விளக்கு, பூதக்கண்ணாடி, பெயின்ட் அடிக்கும் கம்ப்ரஸர் எல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக வரட்டும்.

பிளாஸ்டிக்கோடு விட்டால் ஒரு மாதத்தில் முடித்து ஷோகேஸில் வைத்துவிடலாம். மானஸ்தர்கள் விடுவதில்லை. பித்தளைத் தகடு தனியாக வாங்குவார்கள். ஏணி, கைப்பிடிக் கம்பி, படகு தொங்கும் கொக்கி என்று சகலமும் அதில் பொறித்திருக்கும். வேண்டாத இடத்தை அமிலம் தின்றுவிட்டு, வேண்டியதை நூலிழையில் தொங்க விட்டிருக்கும். மாலுமி நிற்கும் உயரமே இங்கே ஐந்து மில்லிமீட்டர்தான். சுக்கான் சக்கரம் கொத்தமல்லி விதை. சில பாகங்கள் கடுகு. கசகசா அளவில் உள்ளவற்றை நான் பார்த்ததாகச் சொல்ல முடியாது, எண்ணிப்பார்த்தபோது இருந்தன.

தகட்டில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது, வினிகரில் கழுவு என்பார்கள். நம் வீடுகளில் பித்தளை என்றால் புளி. குத்துவிளக்குக்கு ஆகும், இதற்கு ஆகாது. புளிக்கோதில் மாட்டிக்கொண்ட ஏணியைப் பிரித்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

வேலைக்கு உகந்த காலம் மே மாதம். ஏனென்றால் மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், அப்போதுதான் குடும்பம் முழுவதும் உங்களைக் கவனிக்கும். ஒன்றரை நிமிஷத்தில் யாராவது வந்து சுவிட்சைப் போடுவார்கள். அன்றைய வேலை அதோடு முடிந்தது.

இனி கைப்பிடிக் கம்பி. கப்பலின் விளிம்பு நெடுக மூன்று மில்லிமீட்டர் உயரத்தில் ஓடும் வேலி இது. தகட்டிலிருந்து பிளேடால் நறுக்கவும். எழுந்த பிசிரை அரத்தால் ஒரு தடவு. மேல்தளத்தின் வளைவுக்கு ஏற்ப அது வளைய வேண்டும். முறைத்துக்கொண்டு நின்றால் காஸ் அடுப்பில் ஒரு நொடி காட்டி எடுங்கள், மெத்தென்று ஆகிவிடும். இரண்டு நொடி காட்டினால் சுருண்டு முறுக்காகிவிடும். பசையைப் புட்டியிலிருந்து நேரே விடக் கூடாது. பழைய டப்பா மூடியில் ஒரு சொட்டு விட்டு, ஊசி முனையால் தொட்டு, கம்பியின் அடியில் வைத்தால் அது தானே ஓடிப் பரவும். காற்றின் ஈரம்தான் இந்த உடனடிப் பசையை இறுக்குகிறது என்பதால் சென்னைப் புழுக்கத்தில் பிரமாதமாகப் பிடிக்கும். முதலில் பிடிப்பது உங்கள் கட்டைவிரலை. பயப்படாதீர்கள், நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனில் விரல் விடுபடும். அதே அசிட்டோன் ஒரு சொட்டு கப்பலில் விழுந்தால் பிளாஸ்டிக் தளம் பாயசமாகும். விரலா, கப்பலா என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பது நல்லது.

சாமணத்தால் பிடிக்கும்போது அழுத்தம் ஒரு துளி கூடினாலும் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்கும். பாகம் பறந்துவிட்டது. அசையாதீர்கள். டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடியுங்கள், பித்தளை மின்னும். அப்படித் தேடியதில் எனக்குக் கிடைத்தவை: ஒரு மூக்குத்தித் திருகு, இரண்டு மாத்திரை, 2019-ல் தொலைந்த சிம் கார்டு.

பாகம் கிடைக்காதா? கவலை வேண்டாம். இந்தக் கப்பலைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதன் சூட்சுமமே இங்கேதான் இருக்கிறது. பெயர்ப் பலகையில் தேதியைக் கடைசியில் எழுதுங்கள்.

சாம்பல் நிறப் பெயின்ட் தீர்ந்துபோனால் வெள்ளையும் மஞ்சள் கலந்த பழுப்பும் அடித்து '1913, சிங்தாவ்' என்று எழுதலாம். போருக்கு முன் எம்டன் வெள்ளைக் கப்பல்தான். தளத்தில் தவறான இடத்தில் துளை போட்டுவிட்டால் அதன் மேல் நாலாவது புகைபோக்கியை நட்டு, 'பினாங்கு, 28 அக்டோபர் 1914' என்று போடவும். மூன்று புகைபோக்கிக் கப்பலை ஆங்கிலக் கப்பல் என்று நம்பவைக்க, கான்வாஸில் நாலாவது ஒன்றைக் கட்டிக்கொண்டு அன்றைக்கு உள்ளே நுழைந்தார்கள். ரஷ்யாவின் ஜெம்சுக் மூழ்கியது. கேப்டன் கார்ல் ஃபான் முல்லரின் ஆட்களே கோணியும் கட்டையும் வைத்து ஒட்டுவேலை பார்த்திருக்கும்போது நமக்கென்ன கூச்சம்?

படகுகள் தொலைந்தால் 9 நவம்பர் 1914. கோகோஸ் தீவில் தந்திக் கம்பத்தைச் சாய்க்க, துணைத் தலைவர் ஃபான் மியூக்கே அன்று விடிகாலையில் படகுகளில் ஆட்களோடு இறங்கிவிட்டார். பாய்மரம் ஒடிந்தாலும் அதே தேதிதான், நேரம் மட்டும் மாறும். காலை ஒன்பதே முக்கால் சுமாருக்கு ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலோடு சண்டை தொடங்கியது. முன் பாய்மரம் போயிற்று, புகைபோக்கிகள் ஒவ்வொன்றாகப் போயின. பதினொன்றரைக்குள் முல்லர் கப்பலைப் பவளப்பாறையில் ஏற்றி நிறுத்திவிட்டார். மாடல் கட்டுபவனுக்கு இதைவிட அனுசரணையான கப்பல் உலகத்தில் கிடையாது.

பார்க்க வருபவர்கள் இரண்டு கேள்வி கேட்பார்கள். செண்பகராமன் பிள்ளை இதில் எங்கே நின்றார்? அவர் அப்போது ஐரோப்பாவில் இருந்தார், சென்னைக்கு இதில் வந்தார் என்பது கர்ண பரம்பரைக் கதை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நான் மையமாக ஓர் இடத்தைக் காட்டிவிடுவேன். இரண்டாவது கேள்வி, தண்ணீரில் மிதக்குமா? இதற்குப் பதில் சொல்லாதீர்கள். சொன்னால் வாளி வரும்.

என் பலகையில் இப்போதைக்கு '9 நவம்பர் 1914, காலை 7 மணி' என்று பென்சிலில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அக்கா பிள்ளைகள் லீவுக்கு வருகிறார்கள். மணியை அழித்துப் பதினொன்றரை என்று மாற்ற வேண்டியிருக்கும்.