வாலுக்கு ஒரு வணக்கம்

ஆங்கிலம் கஷ்டமான மொழி என்று புலம்புகிறவர்கள் நன்றி கெட்டவர்கள். உடுத்துவதற்கு ஒரு சொல், அணைப்பதற்கு ஒரு சொல், சகிப்பதற்கு ஒரு சொல் என்று மற்ற மொழிகள் நம் தலையில் மூட்டை ஏற்றுகின்றன. ஆங்கிலம் அப்படியா? 'புட்' என்று ஒரே ஒரு வினையைக் கையில் கொடுத்து, பின்னால் வேண்டிய வாலை ஒட்டிக்கொள் என்று சொல்லிவிடுகிறது. ஆன் ஒட்டினால் சட்டை போடலாம், அவுட் ஒட்டினால் தீயை அணைக்கலாம், ஆஃப் ஒட்டினால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம். மாமியாரைச் சகித்துக்கொள்ள மட்டும் ஒரு வால் போதாது. அப், வித் என்று இரண்டு வேண்டும். அனுபவப்பட்ட மொழி.

அதிலும் 'புட் டவுன்' இருக்கிறதே, கற்பக விருட்சம். கையிலிருப்பதைக் கீழே வைக்கலாம். மனதிலிருப்பதை எழுதி வைக்கலாம். நாலு பேர் நடுவில் ஒருவரை மட்டம்தட்டலாம், கிளர்ச்சியை ஒடுக்கலாம். நண்பர் தம் கிழட்டு நாயை 'புட் டவுன்' செய்துவிட்டதாகச் சொன்னால், பாவம், இவ்வளவு நேரம் தூக்கியே வைத்திருந்தாரா என்று கேட்டுவிடாதீர்கள். ஊசி போட்டு அதன் கதையை முடித்துவிட்டார்கள் என்று பொருள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு முனைவர் பட்டம் வாங்கியவரை இப்படித் திணறடிக்க வேறு எந்த மொழியால் முடியும்?

'ஆஃப்' என்றால் என்னவென்று என் பாட்டிக்கே தெரியும். ஃபேனை ஆஃப் பண்ணுடா என்பாள். அந்தப் பாட்டியின் பேரன் என்ற தைரியத்தில்தான் கல்லூரியில் ஆங்கிலக் கதை ஒன்றை எடுத்தேன். காலை ஐந்து மணிக்கு அலாரம் 'வென்ட் ஆஃப்' என்றிருந்தது. சரி, கடிகாரம் நின்றுவிட்டது, இவன் தூங்கப்போகிறான் என்று நினைத்தேன். அடுத்த வரியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன். அலாரத்துக்கு 'கோ ஆஃப்' என்றால் அலறுவது என்று பிறகு ஒருவர் விளக்கினார். விளக்குக்கு அதே சொல் என்றால் அணைவது. வெடிகுண்டுக்கு வெடிப்பது. பாலுக்குத் திரிவது. ஆக, ஆஃப் ஆன அலாரத்தை எழுந்துபோய் ஆஃப் செய்தால்தான் அது ஆஃப் ஆகும். இதைவிடத் தெளிவாக ஒரு மொழி தன்னை விளக்க முடியாது.

திசைகளிடம் அதற்கு இருக்கும் சமநோக்கையும் சொல்ல வேண்டும். படிவத்தை பிரிட்டன்காரர் 'ஃபில் இன்' செய்வார், அமெரிக்கர் 'ஃபில் அவுட்' செய்வார். அட்லாண்டிக்கின் ஒரு கரையில் உள்ளே, மறு கரையில் வெளியே. படிவம் எப்படியோ நிரம்பிவிடுகிறது. வண்டி 'ஸ்லோ டவுன்' ஆனாலும் வேகம் குறையும், 'ஸ்லோ அப்' ஆனாலும் குறையும். மேலும் கீழும் ஒன்றே என்னும் அத்வைதம் இது.

இலக்கணமே இல்லை என்று மட்டும் யாரும் பழிக்க வேண்டாம். புத்தகத்தை எடு என்பதற்கு 'பிக் அப் த புக்' எனலாம். வாலைக் கழற்றிக் கடைசியில் மாட்டி 'பிக் த புக் அப்' என்றும் சொல்லலாம். ஆனால் புத்தகம் 'இட்' ஆகிவிட்டால் கட்டாயம் நடுவில் உட்கார வேண்டும்: 'பிக் இட் அப்'. சரி, அப்படியானால் 'லுக் ஆஃப்டர்' நடுவிலும் 'ஹிம்' உட்காரலாமே? கூடாது. 'ஆஃப்டர்' வேறு சாதி வால், முன்னிடைச்சொல்; 'அப்' துகள். எது எந்தச் சாதி என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று எங்கள் ஆசிரியரைக் கேட்டேன். நடுவில் 'இட்' போட்டுப் பார், உட்கார்ந்தால் துகள் என்றார். எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல்தானே சார் கேட்கிறேன் என்றேன். காது பழகினால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு அட்டெண்டன்ஸ் எடுக்கத் தொடங்கினார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். 1755இல் மாபெரும் ஆங்கில அகராதியைத் தந்த சாமுவேல் ஜான்சனே, அயல்நாட்டார் மிகவும் இடர்ப்படுவது இந்த வால்களில்தான் என்று முன்னுரையில் ஒத்துக்கொண்டார். தான் திரட்டியது முழுமையானது என்று சொல்லிக்கொள்ளவும் அவருக்குத் துணிவில்லை. இப்படி வால் முளைத்த வினைகளுக்கு 'ஃபிரேசல் வெர்ப்' என்ற பெயரை லோகன் பியர்சல் ஸ்மித் தம் நூலில் அச்சேற்றியது 1925இல். யோசித்துக் கொடுத்தவர் ஆக்ஸ்போர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பிள்ளை ஊரையெல்லாம் அழவைத்து, ஜான்சனையே அயரவைத்து 170 ஆண்டுகள் ஆனபின் நிதானமாகப் பெயர் சூட்டு விழா.

பழைய வாசனை போகாமலிருப்பதும் ஓர் அழகு. 'வித்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் எதிராக என்று பொருள். பிற்பாடுதான் அது கூட நிற்கும் நல்ல பிள்ளையானது. ஆனாலும் பிறவிக்குணம் விடவில்லை. இன்னார் இன்னாரோடு 'ஃபைட் வித்' செய்தார் என்றால், தோளோடு தோள் நின்றாரா, தொண்டையைப் பிடித்தாரா என்பதைச் சண்டை முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் தமிழ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். ஞாயமான கேள்விதான். 'போட்டுக் கொடுத்தான்' என்பதை அகராதி பார்த்துப் படிக்கும் வெள்ளைக்காரர், கொடுத்தவருக்கு நன்றி சொல்லத்தான் கிளம்புவார். ஆனால் நாம் அதற்குத் தேர்வு வைத்து அவருக்கு வேலை இல்லை என்று சொல்வதில்லை.

அந்தத் தேர்வில்தான் ஆங்கிலத்தின் பெருந்தன்மை முழுதாக வெளிப்படுகிறது. 'கீப் அப் வித்' சரி, 'கேட்ச் அப் வித்' சரி, 'புட் அப் வித்' சரி. இவ்வளவையும் ஒழுங்காகக் கற்ற பிள்ளை அதே வரிசையில் 'கோப் அப் வித்' என்று எழுதினால் சிவப்பு மை. சமாளிப்பதற்கு 'அப்' கிடையாதாம். 'டாக் அபௌட்' உண்டு, 'ஆர்க்யூ அபௌட்' உண்டு, 'டிஸ்கஸ் அபௌட்' என்றால் அரை மதிப்பெண் போச்சு. ஊருக்கெல்லாம் வால் வைத்த மொழி, நாம் ஆசையாக ஒரு வால் கொண்டுபோனால் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, இது இந்திய வால் என்று கண்டுபிடித்துவிடுகிறது. என்ன கூர்மையான பார்வை!

என் நன்றியையெல்லாம் இங்கே 'புட் டவுன்' செய்திருக்கிறேன். எழுதி வைத்திருக்கிறேன் என்ற பொருளில்தான்.