பத்துச் சதத் தத்துவம்

மழை ஏன் பெய்கிறது என்று கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் போய்க் கேட்டுவிடாதீர்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பால்வெட்டு இல்லையென்றால் செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் அன்றைக்குப் பேர் இல்லை. வானிலைத் தத்துவம் அங்கே அவ்வளவுதான்.

குரோவேசியாவின் டுப்ரோவ்னிக் நகரத்துப் பிரபு நிக்கோலா குச்செட்டிச்சுக்கு அது போதவில்லை. மழை, இடி, மின்னல் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னதற்கு விளக்கம் எழுதி, 1584இல் வெனிசில் அச்சிட்டார். முன்னுரை எழுதும் வேலை மனைவி மாரா குண்டுலிச்சுக்கு. ஐயா எழுதியது மழையைப் பற்றி. அம்மா இறக்கியது இடி! பெண்ணுக்கும் ஆணுக்குச் சமமாக அறிவு உண்டு, என் தோழியைத் தூற்றுகிறவர்கள் வாயை மூடட்டும் என்று பொரிந்து தள்ளிவிட்டார். மறு வருஷம் மறுபதிப்பு வந்தது. காரமான வரிகளைக் காணோம். மழை மட்டும் வழக்கம்போலப் பெய்தது.

அதே வழக்கு, கப்பலேறி இலங்கைக்கும் வந்தது. அரசியலமைப்புச் சீர்திருத்தம் ஆராய வந்த டொனமூர் கமிஷன் முன்னால் பெண்களுக்கு வாக்குக் கேட்டுப் போனார் அக்னஸ் டி சில்வா. தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்குமா என்று டொனமூர் துரை இழுத்தார். அவர்களும் பெண்கள்தானே என்று அம்மா ஒரே போடாகப் போட்டார். ஈராயிரம் வருஷத் தர்க்கம், அரை நிமிஷத்தில் பைசல்!

1931இல் பெண்களுக்கும் ஓட்டு வந்தது. அந்த வருஷமே நம்ம கேகாலைப் பக்கத்து ருவன்வெல்லை, இடைத்தேர்தலில் அடலின் மொலமுறேயைத் தேர்ந்து அரசாங்க சபையின் முதல் பெண் உறுப்பினராக்கியது.

தோட்டத்துச் சனத்துக்கு வாய்த்தவர் மீனாட்சியம்மாள். கணவர் நடேசய்யர் தொழிற்சங்கம் கட்ட, இவர் ‘தேசபக்தன்’ பத்திரிகை வேலையும் பார்த்து, கூட்டங்களில் பாட்டும் பாடினார். 1940இல் பாட்டுகள் நூலாகவும் வந்தன. முன்னுரைக்குக் கத்தரி போடலாம், தொண்டைக்குப் போட முடியுமா? போட முடிந்தது ஓட்டுக்குத்தான். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் அதைப் பார்த்துக்கொண்டன.

துரைமாரை மட்டும் தத்துவம் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். பெண் என்பவள் குறைபட்ட ஆண் என்றார் அரிஸ்டாட்டில். எவ்வளவு குறை என்று அவர் சொல்லவில்லை, செக்ரோல் சொன்னது. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த குறைந்தபட்ச நாள்கூலி, தாழ்நிலத் தோட்டத்தில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40. ஆகவே குறை, சரியாகப் பத்துச் சதம்.

மாராவின் முன்னுரையை வெட்ட ஒரு வருஷம் போதுமாயிருந்தது. இந்தக் குறையை வெட்டிச் சம சம்பளம் வாங்க, கொழுந்துக் கூடையும் பால் வாளியும் 1984 வரை காத்திருந்தன.