தர்மாகோல் சாம்ராஜ்யம்

பெங்களூருக்கு ஒருவழியாக ஸ்பெயின் வந்து சேர்ந்துவிட்டது. சர்ஜாபூர் சாலையில் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, தேவனஹள்ளிப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களை விழுங்கி, காம்பவுண்டுக்குள் குடியேறிவிட்டது. சிவப்பு ஓடு, வெள்ளைச் சுவர், வளைவு வளைவாக வராந்தா, இரும்புக் கம்பி பால்கனி. விளம்பரத்தில் இதற்கு ‘ஸ்பானிஷ் காலனியல் வில்லா’ என்று பெயர். பிரிட்டிஷ்காரனுக்கு அடிமையாக இருந்தது போதவில்லை போலிருக்கிறது. நம்மை ஆளவே ஆளாத ஸ்பானியனுக்கும் இப்போது கப்பம் கட்டுகிறோம், அதுவும் இருபது வருஷ இ.எம்.ஐ.யில்.

அந்த வளைவைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். ‘டொக்’கென்று சத்தம் வரும். உள்ளே தர்மாகோல். அதன்மேல் ஒரு வலை, வலைமேல் மெல்லிசாய் ஒரு சிமெண்ட் பூச்சு, பூச்சுமேல் டெக்ஸ்சர் பெயிண்ட். பாரம் தாங்கப் பிறந்தது வளைவு. இங்கே வளைவையே நாலு போல்ட் தாங்கிக்கொண்டிருக்கிறது. கூரைமேல் இருக்கும் ஓட்டுக்கும் வேலை கிடையாது. மழையைத் தடுப்பது அடியில் இருக்கும் கான்கிரீட் ஸ்லாப்; ஓடு சும்மா மேலே படுத்து வெயில் காய்கிறது. அடுப்பே இல்லாத மூலையில் ஒரு புகைபோக்கி வேறு. “எலிவேஷன் சூப்பரா வந்திருக்கு சார்” என்கிறார் என்ஜினீயர். வராமல் என்ன? ஆர்க்கிடெக்ட் போனில் வந்த படத்தைப் பெரிதாக்கி முகப்பில் ஒட்டியதோடு அவர் கலைப்பணி முடிந்தது.

அரைவட்ட ஓட்டுமேல் அவ்வளவு மோகம் என்றால், நம் குயவர் செய்த நாட்டு ஓட்டுக்கு என்ன குறைச்சல்? கிறிஸ்தவ அமைப்பான பாஸல் மிஷன் 1865-இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில்தான் எவ்வளவு தூரம்? ஆனால் களிமண்ணைச் சுட்டு வேய்ந்தால் ஏழை வீடு. சிமெண்டுக்குச் சாயம் பூசி அடுக்கினால் வில்லா.

இந்த ஸ்பானிஷ் பாணியே பொருட்காட்சியில் பிரபலமானதுதான். 1915-இல் சான் டியேகோ நகரில் நடந்த பனாமா-கலிஃபோர்னியா பொருட்காட்சிக்காக பெர்ட்ரம் குட்ஹூ இதைப் பிரமாதமாக அரங்கேற்றினார். அந்தக் கட்டடங்களில் பல, காட்சி முடிந்ததும் இடித்துவிடலாம் என்று தற்காலிகமாக எழுப்பியவை. பொருட்காட்சி செட்டை ஆயுட்கால லோன் போட்டு வாங்கும் பாக்கியம் நமக்குத்தான் வாய்த்தது. சான்டா பார்பரா பக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் ஸ்மித் கட்டிய வீடுகளிலாவது தடித்த சுவர், சின்ன ஜன்னல், உள்முற்றம் என்று அந்த ஊர் வெயிலுக்கு ஒரு கணக்கு இருந்தது. நம் ஊர் பில்டர் முற்றத்தை வெட்டினார், அது சதுர அடியைத் தின்னும். சுவரை மெலிதாக்கினார், அதுவும் தின்னும். இறவாரத்தைக் குறுக்கினார், படத்தில் அப்படித்தான் இருந்ததாம். கலிஃபோர்னியாவில் கோடையில் சொட்டு மழை கிடையாது. இங்கே மே முதல் அக்டோபர் வரை வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். சாரல் கட்டில்வரை வந்தால், மத்தியதரைக் கடல் காற்று என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

சாரலுக்கு இந்த ஊரிலேயே பதில் இருந்தது. கண்டோன்மென்ட் பங்களாக்களின் ஜன்னல்மேல் மரச்சட்டம் அடித்த ‘மங்கி டாப்’ கூம்பு அதற்குத்தான். அந்த பங்களாக்களை இடித்து அபார்ட்மெண்ட் கட்டிவிட்டோம். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர் 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராக வந்தார். வெயில் எங்கிருந்து வருகிறது, காற்று எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கோடு போட்டார். அவர் கட்டடங்கள் இருக்கும் இந்திய அறிவியல் கழகத்திலேயே 1974-இல் ‘அஸ்த்ரா’ குழு பிறந்தது. சூளையில் வேகாத மண் கல்லைக்கொண்டு உறுதியாக வீடு கட்டலாம் என்று காட்டியது. கேட்க ஆளில்லை. மண்ணுக்கு எலிவேஷன் வராதே!

மண்ணைக் கேட்காதவர்களைத் தண்ணீர் கேட்டது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில், பெங்களூரின் யமலூரில் கோடீஸ்வர வில்லாக்காரர்கள் டிராக்டரில் ஏறி வெளியே வந்தார்கள். மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவேயை அடைத்தால் ஏரித் தண்ணீர் எங்கே போகும்? டைனிங் டேபிளுக்குத்தான். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றின. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். அப்போதும் விளம்பரத்தில் நீரூற்று பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

இந்த ஸ்பானிஷ் பாணிக்கு ரத்தக் கறை படிந்த ஒரு பூர்வீகம் உண்டு. அதன் மூலமான, கலிஃபோர்னியாவில் ஸ்பானியப் பாதிரியார்களின் மிஷன் கட்டடங்களைப் பூர்வகுடிகளை வேலை வாங்கித்தான் எழுப்பினார்கள். 1775-இல் குமேயாய் என்ற பூர்வகுடி மக்கள் சான் டியேகோ மிஷனுக்குத் தீயே வைத்தார்கள். 140 வருஷம் கழித்து அதே ஊரில் அந்த வளைவுகளுக்குப் பொருட்காட்சி. 1920-களில் கலிஃபோர்னியாவின் பல புதிய குடியிருப்புகளில், வெள்ளையர் அல்லாதார் வசிக்கக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதினார்கள். வீட்டு வேலைக்காரருக்கு மட்டும் விலக்கு. குடியுரிமை கேட்ட பகத் சிங் திந்தின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1923-இல் சொன்னது. அந்தக் காலத்து அசல் ஸ்பானிஷ் வீட்டுக்குள் நம் வில்லா முதலாளி நுழைந்திருந்தால், கையில் துடைப்பம் இருந்திருக்கும்.

அந்தப் பத்திரத்தின் ஷரத்து மட்டும் பழுதில்லாமல் இங்கே வந்து இறங்கியிருக்கிறது. வேலைக்காரம்மாவுக்குத் தனி வாசல். போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். படிக்கட்டுக்கு அடியில் அவருக்கென்று ஒரு அறை. பாயை விரித்தால் கதவு திறக்காது. வேலையாட்கள் பூங்காவிலும் பொது இடங்களிலும் உட்காரக் கூடாது என்ற பெங்களூருக் குடியிருப்பு ஒன்றின் அறிவிப்பு 2023-இல் செய்தியானது. ராய்ச்சூரிலிருந்தும் யாத்கிரியிலிருந்தும் வந்து அந்த வளைவுக்குப் பூச்சு பூசிய சித்தாளும் மேஸ்திரியும் நீலத் தார்ப்பாய்க்குள் முடங்கினார்கள். வில்லா விற்றதும் தார்ப்பாயும் காலி.

வளைவு தர்மாகோல், ஓடு சிமெண்ட், புகைபோக்கி பொய். விலக்கிவைக்கும் புத்தி மட்டும் கலப்படமில்லாத அசல். அதை இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஊர் வேறு சேரி வேறு என்று பரம்பரையாக வாழ்ந்தவர்களுக்குக் கலிஃபோர்னியா என்ன புதிதாகச் சொல்லித் தரும்? அங்கே அந்த ஷரத்தை நீதிமன்றத்தில் அமல்படுத்த முடியாது என்று 1948-இல் தீர்ப்பு வந்தது. இங்கே 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஒழித்ததைத்தான் செக்யூரிட்டி கேட்டில் ரெஜிஸ்டர் போட்டு, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று தினமும் கையெழுத்து வாங்கி நடத்திக்கொண்டிருக்கிறோம்.